வேகமானியும் மூவகை அளவையும்

விழா மலருக்கு எழுதப் புகும் பழைய மாணவர்கள் தாம் கற்ற காலத்து ஆசிரியர்களையும் விடுதி வாழ்க்கையையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் நினைந்து எழுதுதல் வழக்கம். அஃது இனிய வழக்கமே. அதனை எம்மினும் நன்கு செய்வோர் இம்மலரிற் பலர் உளராதலின், யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். மோட்டார் வண்டியிற் சாரதியின் கண்ணெதிரே அமைந்துள்ள வேகமானி முதலிய கருவிகளை, மாணவர் கைப்பணத்தில் வாங்கத்தக்க சிறு மின்சுற்றுப் பலகை ஒன்றினால் இயக்கிப் பார்த்த அநுபவமே இக்கட்டுரையின் பொருள். பொழுதுபோக்காகத் தொடங்கிய அம்முயற்சியில் வினாவொன்று எழுந்தது. அவ்வினா பொழுதுபோக்குக்கு உரியதன்று.

எமது கல்லூரியிற் சைவசமய பாடம் கற்றவர்கள் ‘அளவை’ என்னும் சொல்லை மறந்திரார். படியும் முழக்கோலும் அளவை. அறிவுக்குக் கருவியாவனவும் அளவை. சிவஞான சித்தியார் அளவைகள் பலவற்றை எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று கூறும். நெருப்பைக் கண்ணாற் காண்பது காண்டல். தொலைவிற் புகையைக் கண்டு அவ்விடத்தில் நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். உரை என்று சித்தாந்த நூலார் சிறப்பாகக் கொள்வது இறைவன் அருளிய நூலையே. ஆயினும் உலக வழக்கில், கண்டு வந்த ஒருவன் சொல்லக் கேட்டு அறிவதும் அவ்வினத்தைச் சாரும். உரையை ஏற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உரைப்பவன் நம்பத்தக்கவனாதல் வேண்டும்.

சமய வகுப்புக்கும் பௌதிக ஆய்வுகூடத்துக்கும் இடையே ஒரு முற்றமே தூரம். அவ்விரண்டும் ஒரே வினாவை ஆராய்கின்றன என்பது, மீற்றர்த் தொகுதியொன்றை ஆய்வுகூட மேசைமேல் வைத்தபோது எமக்கு நன்கு புலனாயிற்று.

முதலில் முற்காலத்து வேகமானியைப் பார்ப்போம். 1902ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே ஒற்றோ ஷுல்ட்சே என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பே நெடுங்காலம் உலகெங்கும் வழங்கியது. கியர்ப் பெட்டியிலிருந்து கேபிள் ஒன்று வேகமானிவரை வரும். சில்லுச் சுழலக் கேபிளும் சுழலும். அதன் நுனியிலுள்ள காந்தமும் சுழலும். அக்காந்தத்தைத் தொடாமல் அதனைக் கவிந்து நிற்கும் அலுமினியக் கிண்ணத்திற் சுழிப்பு மின்னோட்டம் பிறக்கும். அதனாற் கிண்ணம் காந்தத்தின் போக்கிலே இழுபடும். மெல்லிய சுருள்வில்லொன்று அதனைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். வண்டி ஓடாதபோது முள் எழாது. கேபிள் அறுந்தால் முள் விழும். சில்லுக்கும் முள்ளுக்கும் இடையே உள்ளது நெருப்புக்கும் புகைக்கும் இடையே உள்ள தொடர்பு. ஆகவே அம்முள்ளைப் பார்த்து வேகத்தை அறிவது கருதலளவை.

யாம் மேசைமேல் வைத்த முதலாவது தொகுதி இதற்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. விபத்தில் நொறுங்கிய யப்பானிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றப்பட்டு, உதிரிப்பாகக் கடையில் தூசி படிந்து கிடந்தது. அதிற் கேபிளுக்குப் பதிலாக மின் துடிப்புகள் முள்ளை ஆட்டும். அத்துடிப்புகளை உண்டாக்க யாம் எடுத்தது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகை. மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களும் கையாளத்தக்கதாக, இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டில் ஆர்டுயினோ உருவாகியது. கி.பி. 1002இல் இத்தாலியின் மன்னனான ஆர்டுயினின் பெயரைத் தாங்கிய மதுச்சாலை ஒன்று அந்நகரில் இருந்தது. அங்கே கூடிய ஆக்குநர் அப்பெயரையே தம் பலகைக்கும் இட்டனர். ஊனோவின் நுண்கட்டுப்படுத்தி செக்கனுக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புடைய கடிகாரத்தோடு ஓடுவது. கட்டளைகளை வைத்துக்கொள்ள 32 கிலோபைற்றும், கணக்கிடும் எண்களை வைக்க 2 கிலோபைற்றும் உடையது. கைத்தொலைபேசியோடு ஒப்பிடின் இது மிகச் சிறிது. எனினும் ஒரு முள்ளை ஆட்ட இதுவே மிகை.

மீற்றர்த் தொகுதிக்கு 12 உவோற்று வேண்டும். பலகைக்கு 5 உவோற்றுப் போதும். இரண்டிற்கும் புவிக்கம்பி பொதுவாதல் வேண்டும். நான்கு சிலிண்டர் கொண்ட நாலடிப்பு எஞ்சின் ஒருமுறை சுழலும்போது இரண்டு பொறிகள் எழும். ஆகவே, நிமிடத்திற்கு 3000 சுழற்சி என்பது செக்கனுக்கு 100 துடிப்பு. திரான்சிஸ்டர் ஒன்றின் வழியாக அத்துடிப்பைக் கொடுத்தபோது சுழற்சிமானியின் முள் எழுந்து 3 என்னும் இலக்கத்தில் நின்றது. 200 துடிப்புக்கு 6இல் நின்றது. மாணவர் ஆரவாரித்தனர். எஞ்சின் ஓய்வாக ஓடும் 750 சுழற்சிக்கு 25 துடிப்பு வேண்டும். பலகையோடு ஆயத்தமாக வரும் கட்டளையோ 31 துடிப்புக்குக் கீழே இறங்காது. மாணவன் ஒருவன் அக்கட்டளையை ஒதுக்கி, 20 மில்லிசெக்கன் ஏற்றமும் 20 மில்லிசெக்கன் இறக்கமுமாகத் தானே கட்டளை எழுதி முள்ளை அவ்விடத்தில் நிறுத்தினான். பாடப்புத்தகத்தில் மீடிறன் என்று படித்தது அன்று அவன் கைக்கு வந்தது.

பின்னர் வேகமானியை எடுத்துக்கொண்டோம். யப்பானிய நியமப்படி வேகமானியின் கேபிள் கிலோமீற்றருக்கு 637 முறை சுழலும். கேபிள் போன பின்னரும் அக்கணக்கு நிலைத்தது. சுழற்சி ஒன்றுக்கு நான்கு துடிப்பாயின் கிலோமீற்றருக்கு 2548 துடிப்பு. மணிக்கு 60 கிலோமீற்றர் செல்லும் வண்டி நிமிடத்திற்கு ஒரு கிலோமீற்றர் செல்லுமாதலின், செக்கனுக்கு ஏறக்குறைய 42 துடிப்பு. அதனைக் கொடுத்தவுடன் முள் 60ஐ அணுகி நின்றது. அத்தோடு அமையாது தூரமானியின் இலக்கமும் ஏறத் தொடங்கிற்று. இருபது நிமிடத்தில் இருபது கிலோமீற்றர் ஏறியது. சில்லு இல்லை, வீதி இல்லை, மேசையும் அசையவில்லை.

அப்பொழுது பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன், “ஐயா, கருவியைப் பொய் சொல்ல வைக்கத்தானே பழகுகிறோம்? இதைக் கல்லூரியிற் பழக்கலாமா?” என்று கேட்டான். ஏனையோர் சிரித்தனர். யாம் சிரிக்கவில்லை. “தம்பி, அடுத்த கிழமை வேறொரு மீற்றரோடு வருவோம். அதைப் பார்த்தபின் நீரே சொல்லும்” என்றோம்.

அடுத்த கிழமை கொண்டு சென்றது புதிய வகைத் தொகுதி. அதில் வேகத்துக்கென்றோ சுழற்சிக்கென்றோ தனித்தனிக் கம்பி இல்லை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983இல் ஆராயத் தொடங்கி, 1986இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் வெளியிட்ட ‘கான்’ என்னும் முறையில் அது இயங்கும். தம்முள் முறுக்கப்பட்ட இரண்டு கம்பிகளே வண்டிக்குள் ஓடும். எஞ்சின், பிரேக், காற்றுப்பை, மீற்றர் ஆகியவற்றின் கணினிப் பெட்டிகள் அவ்விரண்டோடும் தொடுக்கப்பட்டிருக்கும். ஓய்விலே இரு கம்பிகளும் 2.5 உவோற்றில் நிற்கும்; செய்தி செல்லும்போது ஒன்று 3.5க்கு ஏற மற்றது 1.5க்கு இறங்கும். இரு முனைகளிலும் 120 ஓம் தடை இடுதல் வேண்டும். சமாந்தரமாக நிற்கும் அத்தடைகள் இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டுவதை மாணவர் தாமே அளந்து கண்டனர். ஊனோவுக்கு இம்முறையிற் பேசும் உறுப்பு இல்லையாதலின், எம்.சி.பி. 2515 என்னும் சிப்பைக் கொண்ட துணைப்பலகை ஒன்றை இணைத்தோம்.

கான் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பாக ஓர் எண் உண்டு. அதன்பின் எட்டு பைற்று வரை தரவு செல்லும். இருவர் ஒருங்கே பேசத் தொடங்கினாற் சிறிய எண்ணுடைய செய்தி முந்தும். மற்றது ஒதுங்கிக் காத்திருக்கும். ஈண்டு உன்னிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவ்வெண் செய்தியின் பெயரேயன்றிச் செய்தியை அனுப்புவோன் பெயரன்று. ‘இது வேகம்’, ‘இது வெப்பம்’ என்று மாத்திரம் அது கூறும். கூறுபவன் இன்னான் என்று கூறாது. திருவிழாக் காலத்திற் கோயில் வீதியில் ஒலிபெருக்கி முழங்குவது போன்றது இது. குரல் எல்லார்க்கும் கேட்கும். பேசுபவன் முகம் எவர்க்கும் தெரியாது.

செய்தியின் எண் 11 துவித இலக்கங்களாலானது. ஆதலின் இயலக்கூடிய எண்கள் 2048. ஒவ்வொன்றையும் அரைச் செக்கன் அனுப்பினால் 17 நிமிடத்தில் யாவும் முடிந்துவிடும். ஒருவன் முட்களைப் பார்க்க, ஒருவன் விளக்குகளைப் பார்க்க, மூன்றாமவன் எண்ணைக் குறித்தான். ஓரிடத்தில் வேகமுள் துள்ளியது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, எந்த பைற்றை மாற்ற முள் எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணை எழுதினர். மாலை ஆவதற்குள் வேகமுள் அவர் சொற்கேட்டு நடந்தது.

அச்சில் வெளிவந்த ஓர் உதாரணத்தையும் காட்டினோம். சாளி மில்லர், கிறிஸ் வலசெக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2010ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸ் வண்டியை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வண்டியில் வேகச் செய்தியின் எண் 180. எட்டு பைற்றுகளில் ஆறாவதும் ஏழாவதும் சேர்ந்து வேகத்தைக் கிலோமீற்றரின் நூறிலொரு பங்காகச் சொல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது 6000. அதனை 256ஆல் வகுக்க ஈவு 23, மீதி 112. அவையே அவ்விரு பைற்றுகள். எட்டாவது பைற்றுக் காவற்காரன். செய்தியெண் 180, நீளம் 8, பின் 23, 112 ஆகியவற்றைக் கூட்ட 323. மற்றைய பைற்றுகள் சுழியம் எனக் கொள்வோம். அதிலிருந்து 256ஐக் கழிக்க 67. எட்டாவது பைற்று 67 ஆயின் வண்டி செய்தியை ஏற்கும்.

இக்காவற்காரன் எதனைக் காக்கிறான்? இடையில் மின்னிரைச்சல் புகுந்து ஓர் இலக்கம் கெட்டாற் கூட்டுத்தொகை பொருந்தாது, செய்தி தள்ளப்படும். வேண்டுமென்றே பொய் சொல்பவனோ சரியாகக் கூட்டியே அனுப்புவான். கூட்டுத்தொகை தவற்றைப் பிடிக்கும், பொய்யைப் பிடியாது. ஆகவே இத்தகைய தொகுதியின் முள்ளை நோக்கி வேகத்தை அறிவது கருதலளவையன்று, உரையளவையே. அதுவும் உரைப்பவன் யாரென்று அறியாமல் ஏற்கும் உரை.

இன்னொரு நுட்பமும் உண்டு. செய்தியை ஒருமுறை சொல்லி விட்டாற் போதாது. செக்கனுக்குப் பன்முறை இடையறாது சொல்லிக்கொண்டிருத்தல் வேண்டும். நிறுத்தினால் முள் சுழியத்துக்கு விழும். எச்செய்தியும் வராத தொகுதியில் எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரியும். காற்றுப்பைப் பெட்டியின் குரல் கேட்கவில்லையாயின் காற்றுப்பை பழுதென்று கொள்ளும்படி அதனை அமைத்திருக்கிறார்கள். ஒன்றின் இன்மையைக் கொண்டு அறிதலை நம் நூலோர் அபாவம் என்றனர். முகம் தெரியாதவனை நம்பும் அக்கருவி மௌனத்தை நம்பாதது பாராட்டத்தக்கதே.

மெய்யான செய்தியைப் பெறும் முள்ளும் உள்ளதை உள்ளபடியே காட்டுவதில்லை. ஐக்கிய நாடுகளின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, வேகமானி மெய்வேகத்திற் குறைத்துக் காட்டலாகாது, மிகுத்துக் காட்டலாம். அம்மிகுதி மெய்வேகத்தின் பத்திலொரு பங்கோடு 4 கிலோமீற்றருக்கு மேற்படலாகாது. மெய்வேகம் 60 ஆயின் முள் 60 முதல் 70 வரை எங்கும் நிற்கலாம். சாரதி விரைவு மிகாதிருத்தற் பொருட்டுச் சட்டம் அனுமதித்த சாய்வு இது. இச்சாய்வு எல்லார்க்கும் அறிவிக்கப்பட்டது, அளவும் வகுக்கப்பட்டது. அதனால் அது பொய்யாகாது.

அறிவிக்கப்படாத சாய்வு எத்தகையது என்பதற்கு எம் குடும்பத்திலேயே ஒரு சான்று உண்டு. எம் மைத்துனர் ஒருவர் பழைய வண்டியொன்றை வாங்கினார். தூரமானி 48,000 கிலோமீற்றர் காட்டியது. விற்றவர் பேச்சும் அதற்கிசைந்திருந்தது. வண்டியைப் பார்க்கச் சென்ற யாம் குனிந்து நோக்கியபோது, பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது; சாரதி ஆசனத்தின் ஓரம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. பொனற்றைத் திறந்து பார்த்தோம். எண்ணெய் மாற்றியபோது கட்டிய அட்டையொன்று புகைபடிந்து ஒரு மூலையிற் கிடந்தது; அதில் 112,000 என்று எழுதியிருந்தது. ஒளிரும் இலக்கம் ஓர் உரை. தேய்ந்த மிதி கருதலுக்கு ஏது. அட்டையும் உரையே, ஆனால் அதனை எழுதியவனுக்குப் பொய் சொல்லிப் பெறும் ஊதியம் யாதுமில்லை. மைத்துனர் உடனே எஞ்சினின் ரைமிங் பெல்ற்றைக் கழற்றச் செய்தார். அது வெடிப்புற்று அறுந்துவிடும் நிலையில் இருந்தது. அவ்வகைப் பெல்ற்றை ஏறக்குறைய 100,000 கிலோமீற்றரில் மாற்றுதல் வேண்டும். ஒளிரும் இலக்கத்தை நம்பியிருந்தால் ஓடும்போது அறுந்து எஞ்சினையே நொறுக்கியிருக்கும்.

ஒரு வண்டியோடு நில்லாத கேடும் உண்டு. மேற்கூறிய மில்லர், வலசெக் இருவரும் 2015ஆம் ஆண்டில் ஜீப் செரோக்கி வண்டியொன்றைத் தொடாமலே, தொலைவிலிருந்து இணையத்தின் வழியாக அதன் கம்பிகளிற் பேசிக் காட்டினர். அதன் விளைவாக அவ்வாண்டு அமெரிக்காவில் ஏறக்குறைய 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்கென மீள அழைக்கப்பட்டன. வாகனங்களின் கணினிப் பாதுகாப்பைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் 155ஆம் இலக்க ஒழுங்குவிதி 2021இல் நடைமுறைக்கு வந்தது. இரகசியச் சாவியாற் பிறக்கும் முத்திரையொன்றைச் செய்தியோடு சேர்த்தனுப்பும் முறையும் புதிய வண்டிகளிற் புகுந்துவருகிறது. சாவி இல்லாதவன் எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் அம்முத்திரையை இடமாட்டான். உரைப்பவன் நம்பத்தக்கவனாதல் வேண்டும் என்று பண்டையோர் வைத்த நிபந்தனைக்குப் பொறியியலாளர் இப்பொழுது கணிதத்தில் வடிவம் கொடுக்கின்றனர்.

நிற்க. அம்மாணவன் கேட்ட வினாவுக்கு மறுமொழி கூறுதல் வேண்டும். முள்ளை ஆட்டக் கற்றதனால் நற்பயன் உண்டு. 2020ஆம் ஆண்டு தொடக்கம் 2025ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், இருந்த வண்டிகளைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முள் அசையாத வண்டியிற் பழுது மீற்றரிலா, செய்தி அனுப்பும் உறுப்பிலா என்று காண்பதற்கு, தெரிந்த துடிப்பொன்றைக் கொடுத்துப் பார்ப்பதே எளிய வழி. முள் எழுந்தால் மீற்றர் நன்று; விலையுயர்ந்த தொகுதியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

ஆயின் தூரமானியின் இலக்கத்தைப் பின்னே தள்ளும் வழியை யாம் கற்பிக்கவில்லை, கற்பிக்கவும் மாட்டோம். இரண்டிற்கும் வேறுபாடு யாதெனின், மேசையைச் சூழ நின்ற எல்லார்க்கும் அது ஓடாத வண்டி என்பது தெரியும். தெரிந்தோர் முன் செய்வது பரிசோதனை. தெரியாத ஒருவரை எண்ணிச் செய்வது வஞ்சனை. கருவி ஒன்றே, பலகை ஒன்றே, கட்டளைகளும் பெரிதும் ஒத்தனவே. எதிரில் இல்லாத அந்த ஒருவரை நினைக்கும் நெஞ்சமே வேறு. இதனைச் சொன்னபோது அம்மாணவன், “அப்படியென்றால் ஐயா, பொய் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவன்தான் அதைப் பிடிப்பான்” என்றான். யாம் அதற்கு மேற் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கல்லூரிக்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. மாணவரின் செய்முறைப் புத்தகத்தில் வாசிப்பு, வழு என்று இரண்டு நிரல்கள் ஏற்கெனவே உண்டு. மூன்றாவதாக ஒரு நிரலைக் கோடிடுக. அதன் தலைப்பு ‘எவ்வாறு அறிந்தோம்’ என்பது. கண்டு அறிந்ததாயிற் காண்டல் என்றும், ஏதுவைக் கொண்டு துணிந்ததாயிற் கருதல் என்றும், கருவியோ கணினியோ சொல்லக் கேட்டதாயின் உரை என்றும், உரைத்தது எதுவென்றும் அதில் எழுதுக. ஒளிரும் இலக்கங்களுக்கிடையே வளரும் இத்தலைமுறைக்கு அந்நிரல் பரீட்சையின் பின்னரும் பயன்படும். சமய வகுப்பிற் கற்றதை ஆய்வுகூடத்திலும், ஆய்வுகூடத்திற் கற்றதை உலகிலும் பொருத்திப் பார்க்கும் மாணவர் பரம்பரை எமது கல்லூரியில் நீடூழி தழைப்பதாக.